போன் பிடிக்காத வீதி

“கருவாடு கொண்டு போகேலாது,” என்றாள் வேரோனிக்கா.

“ஏன் ஏலாது? பொலித்தீன் பையிலை மூண்டு சுத்துச் சுத்தினா மணக்காது.”

“உனக்கு மணக்காது, செலீன். கரடிக்கு மணக்கும். மைல் கணக்கிலை நிண்டு மோந்து பிடிக்குமாம்.”

“வரட்டும். ஒரு துண்டைக் குடுத்து, கதிரையிலை இருத்தி விடுவம்.”

என் கணவர் நீக்கிலாப்பிள்ளை வரைபடத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “கருவாட்டை வெட்டும். ரின் மீன் காணும்,” என்றார்.

நான் பட்டியலில் கருவாட்டை வெட்டினேன். வேரோனிக்கா வென்றுவிட்டவள் மாதிரி ஒரு பிஸ்கற்றை எடுத்துக் கடித்தாள்.

டோர்செட் பார்க்கில், ஒன்பதாம் மாடியில், எங்கள் குசினி மேசையை மூடிக்கொண்டு அந்த வரைபடம் விரிந்து கிடந்தது. நான்கு மூலைக்கும் நான்கு தேத்தண்ணிக் கோப்பை பாரம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு முழு நாளுக்கு மேல் ஓடினால் கியூபெக்கில் மத்தகாமி என்ற சிற்றூர் வரும். அதோடு ஊர் முடிந்தது. பிறகு ஜேம்ஸ் பே வீதி. அறுநூற்றிருபது கிலோமீற்றருக்குக் காடு, சதுப்பு, ஏரி, திரும்பவும் காடு. முன்னூற்றெண்பத்தோராவது கிலோமீற்றரில் மட்டும் பெற்றோல். அதற்கும் மேலே போனால் கிழக்குப் பக்கம் ஒரு கல்வீதி பிரிகிறது. அதில் எத்தனை நாள் ஓடினாலும் ஊர் என்று ஒன்று வராது.

அந்தக் கல்வீதிதான் எனக்கும் வேரோனிக்காவுக்கும் வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள். பதினான்கு வருடம் ஒரே தரிப்பு யாட்டில் பஸ் எடுத்து, ஒரே யாட்டில் விட்டு, மாரி காலத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்திருந்த நேரமெல்லாம் நாங்கள் கதைத்தது இதைத்தான். ஒரு நாள், ஸ்ரொப் சைன் இல்லாத, பிள்ளைகள் கத்தாத, முன்னால் ஒரு வாகனமும் இல்லாத வீதியில் ஓட வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய ஜீப்பை இரண்டு பேருமாக வாங்கி, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விட்டிருந்தோம். கூரையில் சட்டம் பூட்டினோம். இரண்டு மேலதிக ரயர், நாலு பெற்றோல் கான். எல்லாம் இருந்தன. என் கணவரின் சம்மதம் மட்டும் இல்லை.

“ரெண்டு கிழவியள் காட்டுக்குள்ளை ரயர் வெடிச்சு நிண்டா ஆர் போய்த் தூக்கிறது?” என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அவர்தான் மே மாதம் இருபதாம் திகதி, தானே கடைக்குப் போய் அந்த வரைபடத்தை வாங்கி வந்தார்.

“ஒண்டாந் திகதி வெளிக்கிடுவம். நானும் வாறன்,” என்றார்.

“எங்கை?”

“உம்மடை வடக்குக்கு.”

நான் அவரைப் பார்த்தேன். ஊரில் சண்டை முடிந்தது என்று அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தொலைக்காட்சியை நிற்பாட்ட எனக்குத் துணிவில்லை, பார்க்கவும் துணிவில்லை. “இப்பவோ? விசரே உங்களுக்கு? பெனடிக்ற் எங்கை எண்டு தெரியாது. நான் காட்டுக்குப் போறதோ?”

பெனடிக்ற் என் ஒரே தம்பி. கிளிநொச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், கலியாணம் கட்டவில்லை. தை மாதத்திலிருந்து சனத்தோடு சனமாக இடம் மாறி இடம் மாறிக் கடற்கரை வரைக்கும் போய்விட்டான் என்று மட்டும் கேள்வி. சமாதான காலத்தில், இரண்டாயிரத்து இரண்டில், நான் ஊருக்குப் போய் அவனைக் கனடாவுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். “என்ரை பிள்ளையளுக்குச் சோதினை வருது அக்கா,” என்றான். எந்தப் பிள்ளைகள்? ஊரார் பிள்ளைகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப உங்கையே கிட. இனி எனக்குப் போன் எடுக்காதை,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவன் சின்ன வயதிலிருந்தே சொன்ன சொல் கேட்கிறவன். ஏழு வருடமாக எடுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு காட் வரும், அவ்வளவுதான். நானும் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. நாளைக்கு, அடுத்த நத்தாருக்கு என்று விட்டுவிட்டேன். இப்போது அவன் உயிரோடு இருந்தால் எங்காவது ஒரு முகாமிலிருந்து எடுப்பான், நான் முதல் வேலையாக அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்காகவே நான் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாசி மாதம் என் இதயக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்ரென்ற் வைத்த பிறகு வேலைக்கும் போகவில்லை. போன் இருந்தது, நான் இருந்தேன்.

“நீர் உப்பிடியே போனைப் பாத்துக்கொண்டு இருந்தா ரெண்டாம் ஸ்ரென்ற்றும் வைக்க வேணும்,” என்றார் கணவர். “ஒரு கிழமை. போட்டு வருவம்.”

“அவன் எடுத்தா?”

அப்போது வேரோனிக்காதான் வழி சொன்னாள். “சற்றலைற் போன் வாடகைக்குக் குடுக்கிறாங்கள். வீட்டு நம்பரை அதுக்குத் திருப்பி விட்டா, எந்தக் காட்டுக்குள்ளை நிண்டாலும் அடிக்கும்.”

“உண்மையாவோ?”

“உண்மையா. வானம் தெரிஞ்சாக் காணும்.”

நான் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அந்தப் போன் இருந்தால் வருகிறேன் என்றேன். அது ஒன்றுதான் என் நிபந்தனை. எல்லோரும் ஓம் என்றார்கள். கெனடி வீதிக் கடையொன்றில் நானே பேசி, ஒன்றை என் பேரில் பதிந்து வைத்தேன்.

பிறகு என்னை அறியாமலே பட்டியல் வளர்ந்தது. கல்வீதியில் ரயருக்குக் காற்றை எவ்வளவு குறைப்பது, கொசுவலைத் தொப்பி எத்தனை, புட்டுக் குழலா இடியப்பத் தட்டா. அஜக்ஸில் இருக்கும் எங்கள் மகள் கிறிஸ்ரினாவும் வருகிறேன் என்றாள். பூங்காவில் ஒரு பூச்சி கடித்தாலே காருக்குள் ஓடுகிற பிள்ளை. வேரோனிக்கா ஆனி மாதத்தில் லீவு போட்டாள். பள்ளிக்கூடம் மூடமுன் அவள் லீவு எடுத்ததே இல்லை. வீட்டு ரேடியோ பழுதென்று சொல்லி என் கணவர் எங்கோ கொண்டு போய்க் கொடுத்திருந்தார். “அங்கை ஒரு ரேடியோவும் பிடிக்காதெல்லோ? செல்லும் வேலை செய்யாதெல்லோ?” என்று வேரோனிக்காவிடம் இரண்டு மூன்று தரம் கேட்டார். பயந்து கேட்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

என்மேல் எவ்வளவு அன்பு என்றும் நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை, வெளிக்கிட இரண்டு நாள் இருக்க, போனை நானே எடுத்து வருவோம் என்று போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

“மன்னிக்க வேண்டும். இந்தப் பதிவு ரத்தாகிவிட்டது.”

“நான் ரத்துச் செய்யவில்லையே.”

“செவ்வாய்க்கிழமை உங்கள் மகள் அழைத்திருக்கிறார். பயணத்துக்குத் தேவையில்லை என்று சொன்னாராம். குறிப்பு இருக்கிறது.”

வேறு கடையில் நல்லதாக எடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என்றாலும் எதற்கும் என்று, இருந்த ஒன்றை அங்கேயே பதிந்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வரவேற்பறை முழுக்க ஒரே கூடாரம். கிறிஸ்ரினா பழகிப் பார்க்கிறாளாம். சோபாவைத் தள்ளிவிட்டு, கம்பளத்தின் மேல் பாதி நிமிர்ந்தும் பாதி சரிந்தும் ஒரு பச்சைக் கூடாரம் நின்றது. உள்ளேயிருந்து அவளுடைய குரல் வந்தது. “டடி, அந்த போல்... கம்பியைப் பிடியுங்கோ! இல்லை, மற்றது! ஓ மை கோட், டடி!”

“பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்.”

“அண்ணை பிடிக்கிறது குடைக் கம்பி,” என்றாள் வேரோனிக்கா. அவள் சுருட்டிய படுக்கைப் பைகளுக்கு நடுவில் இருந்து ரோச் லைற் பற்றரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். “சற்றலைற் போன் எடுத்தாச்சோ?” என்று கேட்டேன்.

“திங்கட்கிழமை போற வழியிலை எடுப்பம்,” என்றார் கணவர்.

“எந்தக் கடையிலை?”

“நீர் சொன்ன கடையிலைதான். கெனடியிலை.”

“கிறிஸ்ரினா?”

கூடாரத்துக்குள் அசைவு நின்றது. “யா... போற வழியிலை, அம்மா.”

கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பற்றரிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேரோனிக்கா அதைப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். கணவர் பிடித்திருந்த கம்பி கையிலிருந்து நழுவியது. கூடாரம் மெல்ல மெல்ல இறங்கி என் மகளை மூடியது. யாரும் சிரிக்கவில்லை.

“ஏன் வேண்டாமெண்டு சொன்னனீ, பிள்ளை?”

அவள் துணியை விலக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தாள். முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது. “டடிதான் சொல்லச் சொன்னவர்.”

“ஏன் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?”

“செலீன், இரும். முதல் இதிலை இரும்.”

“நான் நிப்பன். தம்பி எடுத்தா எனக்குக் கேக்கக் கூடாதெண்டோ?”

அந்தக் கேள்விக்கு அவன் எடுக்கமாட்டான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானே சொன்னேன்: “அவன் இல்லை. அப்பிடித்தானே?”

வேரோனிக்கா எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். “ஓம், செலீன். இல்லை.”

நான் இருந்தேன். சோபா வழமையான இடத்தில் இல்லாததால் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றின் மேல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிறிஸ்ரினா தண்ணீர் தந்தாள், நான் குடித்தேன். நெஞ்சு நிற்கவில்லை. மூன்று பேரும் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எத்தினை நாளாத் தெரியும்?”

“ரெண்டு கிழமை,” என்றார் கணவர். “டொக்ரர் அதிர்ச்சி கூடாதெண்டு சொன்னவர். லண்டனிலை உம்மடை பெரியம்மான்ரை மகன் எல்லா ரேடியோவிலையும் மரண அறிவித்தல் குடுக்கப்போறன் எண்டு நிக்கிறான். ரேடியோவிலை கேட்டு நீர் அறியக் கூடாது. நான்தான் கொஞ்சம் பொறு எண்டு மறிச்சு வச்சிருக்கிறன். அங்கை, ஏரிக்கரையிலை, ஒரு சத்தமும் இல்லாத இடத்திலை, நாங்கள் மூண்டு பேரும் பக்கத்திலை இருந்து, மெல்ல மெல்ல...”

“மெல்ல மெல்லச் சொல்லிப்போட்டு?”

“ஆறுதலாச் சொல்லலாம் எண்டு.”

“சொல்லேக்கை நெஞ்சு நிண்டா? முன்னூற்றெண்பத்தொண்டிலை பெற்றோல் அடிக்கிறவனே வந்து நெஞ்சை அமத்திறது? நெஞ்சு வருத்தக்காறியை ஆஸ்பத்திரி இல்லாத காட்டுக்குக் கொண்டு போய் இழவு சொல்ல, மூண்டு பேருக்கும் எப்பிடியப்பா ஒரே மூளை வந்தது?”

அதை அவர்கள் ஒருவருமே யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“வேரோனிக்கா, நீயுமோ?”

“நீ எனக்குச் செய்ததைத்தான் நான் உனக்குச் செய்தன்,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தாலும் உறுதியாக இருந்தது. “தொண்ணூற்றைஞ்சிலை என்ரை அப்பா செத்ததை நீ எனக்குப் பதினொரு நாள் ஒளிச்சனி. பஸ் லைசன்ஸ் சோதினை முடியட்டும் எண்டு. நான் சிரிச்சுச் சிரிச்சு ரிவேர்ஸ் பழகினன், நீ பக்கத்திலை இருந்து கைதட்டினனி. பிறகு உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதன். கோவிச்சனானே?”

அவள் சொன்னது உண்மை. அன்றைக்கு அது எனக்குக் களவாகத் தெரியவில்லை, கடமையாகத் தெரிந்தது. எங்களுக்குள் எல்லோரும் அப்படித்தான். கலியாணம் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும், சோதினை முடியட்டும் என்று செத்தவர்களைக் காத்திருக்க வைப்போம்.

“சரி,” என்றேன். “எப்ப செத்தவன்?”

“பதினைஞ்சாந் திகதி,” என்றார் கணவர்.

“ஆர் சொன்னது?”

“மன்னார் ஆஸ்பத்திரியிலை இருந்து ஒரு சிஸ்ரர் எடுத்துச் சொன்னவ. கன்னியாஸ்திரி.”

“ஆஸ்பத்திரியிலை இருந்தோ?”

“ஓம்.”

“அப்ப அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தவனோ?”

அவர் குனிந்து கூடாரத் துணியை ஒதுக்கினார்.

“நான் கேக்கிறன். உயிரோடை வந்தவனோ?”

“காயக்காறரைக் கப்பலிலை ஏத்தேக்கை வந்திருக்கிறான். பிறகு மன்னாருக்கு மாத்தியிருக்கினம். வயித்திலை காயம்.”

“எப்ப வந்தவன்?”

“பத்தோ பதினொண்டோ...”

“அந்தச் சிஸ்ரருக்கு எங்கடை நம்பர் எப்பிடித் தெரியும்?”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேரோனிக்கா என் கையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணை?” என்றாள். “என்னண்ணை? செத்தாப் பிறகுதானே எடுத்தவை எண்டு சொன்னனீங்கள்?”

“அவன்தான் எடுத்தவன்,” என்றார் என் கணவர். “சிஸ்ரரின்ரை செல்லிலை. நாலு தரம்.”

கிறிஸ்ரினா “டடி!” என்றாள்.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. பஸ் ஓட்டும்போது ஒரு பிள்ளை வீதிக்குக் குறுக்கே ஓடினால் தலை எப்படித் தெளியுமோ, அப்படித் தெளிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“முதல் தரம் எப்ப?”

“பதினோராந் திகதி காலமை. நீர் யூனிவர்சிற்றி அவெனியூவுக்குப் போயிருந்தீர்.”

அன்று நான் சண்டையை நிற்பாட்டச் சொல்லி நடந்த ஆர்ப்பாட்டத்தில் மடக்குக் கதிரை போட்டு, அவனுடைய படத்தை மடியில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“ரெண்டாந் தரம்?”

“அடுத்த நாள். நீர் டொக்ரரிட்டை.”

“மூண்டாந் தரம்?”

“செலீன், வேண்டாம்.”

“மூண்டாந் தரம் நான் எங்கை?”

“குசினியிலை,” என்றார். “சொதி வச்சுக்கொண்டிருந்தீர். நான் போனைப் பல்கனிக்குக் கொண்டு போனன்.”

எனக்கு நினைவு வந்தது. அகப்பையோடு வந்து பல்கனிக் கதவைத் திறந்து, “ஆரப்பா போனிலை?” என்று நான் கேட்டேன். “விளம்பரக்காறங்கள்,” என்றார். “வையுங்கோ, அவங்களோடை என்ன கதை?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனேன்.

“ஏன்?” என்று கேட்டேன். ஒரு சொல்தான் வந்தது.

“அவன்ரை குரலை நீர் கேக்கேல்லை. இழுத்து இழுத்துக் கதைச்சவன். அந்தக் குரலைக் கேட்டா உமக்கு என்ன நடக்கும் எண்டு பயந்தன். சுகப்பட்ட பிறகு கதைக்கட்டும் எண்டு நினைச்சன். சத்தியமா அவன் சாவான் எண்டு நினைக்கேல்லை. அவன் போனாப் பிறகு... பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

“எனக்கும் சொல்லேல்லையே அண்ணை,” என்றாள் வேரோனிக்கா. என் பக்கம் திரும்பி, “செலீன், நான் செத்தவரைத்தான் ஒளிச்சன். கடவுளாணை, உயிரோடை இருந்தவரை ஒளிக்கேல்லை,” என்றாள்.

“தெரியும்,” என்றேன். “நானும் உனக்கு அப்பிடித்தான். ரெண்டும் ஒண்டில்லை.”

பிறகு கணவரிடம் கையை நீட்டினேன். “சிஸ்ரரின்ரை நம்பர்.”

“இப்ப அங்கை இரவு.”

“அங்கை எட்டரை மணி. நம்பர்.”

பேர்ஸிலிருந்து மடித்த கடதாசித் துண்டொன்றை எடுத்துத் தந்தார். பத்தொன்பது நாளாக அது அவருடைய பேர்ஸில் இருந்திருக்கிறது. வீட்டுப் போனில், எல்லோருக்கும் முன்னால், இலக்கத்தை அழுத்தினேன்.

“வணக்கம் சிஸ்ரர். நான் செலீன். கனடாவிலை இருந்து. பெனடிக்றின்ரை அக்கா.”

“வாத்தியாரின்ரை அக்காவோ?” இளம் குரல். “நீங்கள் எடுப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை, அக்கா.”

“ஏன் சிஸ்ரர்?”

“இல்லை... சொல்லலாமோ தெரியேல்லை.”

“சொல்லுங்கோ. ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

“ஏழு வருசமாக் கதைக்கேல்லை, போன் எடுக்காதை எண்டு அக்கா சொன்னவா எண்டவர். ‘சொல்லை மீறிப் போட்டு எடுக்கிறன் சிஸ்ரர், பேசுவா, பேசினாலும் பறவாயில்லை, குரலைக் கேட்டாக் காணும்’ எண்டு சிரிச்சவர். முதல் ரெண்டு தரமும் நீங்கள் வீட்டிலை இல்லை எண்டவுடனை நம்பினவர். மூண்டாந் தரம் உங்கடை குரல் கேட்டதாம்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“‘அக்கா நிக்கிறா சிஸ்ரர், வையுங்கோ எண்டு சொல்லுறா’ எண்டார். நாலாந் தரம் நான்தான் வற்புறுத்தி எடுத்துக் குடுத்தன். அப்பவும் உங்கடை அவர்தான் கதைச்சவர், நீங்கள் வரேல்லை. அதுக்குப் பிறகு நானும் கேட்டன், இன்னொருக்கா எடுப்பமோ எண்டு. ‘வேண்டாம். அக்கா ஒண்டு சொன்னாச் சொன்னதுதான்’ எண்டார். கோவமில்லை அக்கா அவருக்கு. உங்கடை சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னவர். பாசையூர்க் கடற்கரையிலை நீங்கள் அவரைச் சைக்கிள் பாரிலை வச்சு ஓடினதாம்.”

“எங்கை வச்சிருக்கிறியள்?”

“சேமக்காலையிலைதான் அடக்கம் செய்தம். சிலுவையிலை பேர் எழுதியிருக்கு. எல்லாருக்கும் அப்பிடிச் செய்ய ஏலேல்லை. அவருக்குப் பேர் தெரிஞ்சபடியாச் செய்தம்.”

நன்றி சொல்லி வைத்தேன்.

“என்ன சொன்னவ?” என்று கணவர் கேட்டார்.

கிறிஸ்ரினா விரைந்து என் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னாள்: “அம்மா, நொட் நவ். டடிக்குப் பிரஷர் இருக்கு. பேந்து ஆறுதலாச் சொல்லுங்கோ.”

நான் அவளைப் பார்த்தேன். இங்கே பிறந்த பிள்ளை. ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் நான் பெற்றவள். இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?

“இல்லை, பிள்ளை. இப்பவே.”

சிஸ்ரர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல், கூட்டாமல், அவளுடைய குரலை மாதிரியே மெதுவாகச் சொன்னேன். சிரித்ததைச் சொன்னேன். பேசினாலும் பறவாயில்லை என்றதைச் சொன்னேன். மூன்றாம் தரம் அவன் கேட்ட குரலைச் சொன்னேன். சைக்கிளையும் சொன்னேன். பாதியில் அவர் “காணும், செலீன்,” என்றார். நான் நிறுத்தவில்லை. முடிந்தபோது அவர் சரிந்து கிடந்த கூடாரத்தின் மேல் இருந்துவிட்டார். கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். போய்த் தொடவில்லை.

வேரோனிக்கா கேட்டாள்: “நான் நிக்கிறதோ, போறதோ?”

“நில். தேத்தண்ணி போடு.”

அவள் குசினிக்குப் போனாள். நான் சோபாவின் மறு அந்தத்தில் இருந்துகொண்டு தமிழ் ரேடியோ நிலையத்துக்கு எடுத்தேன். அந்த நம்பரைத் தேடத் தேவையில்லை, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

“மரண அறிவித்தல் ஒண்டு குடுக்க வேணும்.”

“எங்கடை ஆழ்ந்த அனுதாபம், அக்கா. சொல்லுங்கோ, எழுதுறன். பிறப்பிடம்?”

“யாழ்ப்பாணம், பாசையூர்.”

“வதிவிடம்?”

“கிளிநொச்சி.”

“தொழில் ஏதும் போடுறதோ?”

“கணக்கு ஆசிரியர் எண்டு போடுங்கோ.”

“தாய் தேப்பன்ரை பேர்?” சொன்னேன். “சகோதரங்கள்?”

“ஒரு அக்கா. திருமதி செலீன். கனடா.”

“திருமதி செலீனின் அன்புச் சகோதரனும்...” அவர் எழுதிக்கொண்டே வாசித்தார். பல வருடமாக இதே வசனங்களை எழுதிப் பழகிய குரல். “மைத்துனர்மார், அக்கா?”

கூடாரத்தின் மேல் இருந்தவர் கைகளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இல்லை,” என்றேன்.

“ஒருத்தரும் இல்லையோ?”

“ஒருத்தரும் இல்லை.”

“திருமதி எண்டெல்லோ சொன்னனீங்கள்...”

“ஓம். திருமதிதான்.”

அந்தப் பக்கம் பேனை நின்றது தெரிந்தது. பிறகு அவர், “சரி, அக்கா,” என்றார். “தொடர்புக்கு இந்த வீட்டு நம்பரையே போட்டு விடுறன்.”

“வேண்டாம், தம்பி. அதைப் போடாதையுங்கோ,” என்றேன். “என்ரை செல் நம்பரைத் தாறன். எழுதுங்கோ.”

இலக்கங்களை ஒவ்வொன்றாக, உரத்துச் சொன்னேன். அவர் திருப்பி வாசித்தார். சரி என்றேன்.